தீக்குச்சியை அடுக்கியது யார்? தேவதைக் கதைகளின் மரணமும் நம்ம ஊர்க் கிணறும்

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் கனமானது. கதைகள்ல குழந்தைங்க எப்படிச் சாகுறாங்க, அந்தச் சாவுக்கு யார் மேல பழி விழுது, இதைப் பத்தித்தான் பேசப்போறோம். பஞ்சம், தற்கொலை, பட்டாசு ஆலை வெடிப்பு எல்லாம் இதுல வரும். இப்போ கேட்கிற மனநிலை இல்லைன்னா, இன்னொரு நாளைக்கு எடுத்து வெச்சுக்கோங்க. தப்பே இல்ல.

நான் படிச்சது சாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்புல ஒரு மத்தியானம் எங்க இங்கிலீஷ் டீச்சர் ஒரு கதை வாசிச்சுக் காட்டினாங்க. ஆண்டர்சன் எழுதின தீக்குச்சி விற்கும் சிறுமியோட கதை. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். புத்தாண்டுக்கு முந்தைய ராத்திரி. பனி. கால்ல செருப்பு இல்லாத ஒரு சின்னப் பொண்ணு தெருவுல தீக்குச்சி விக்குது. யாரும் வாங்கல. காசில்லாம வீட்டுக்குப் போனா அப்பா அடிப்பார். ஒரு சுவர் மூலையில ஒடுங்கி உட்கார்ந்து, குளிருக்கு ஒவ்வொரு குச்சியா உரசுது. முதல் வெளிச்சத்துல கணப்பு அடுப்பு தெரியுது. அடுத்ததுல விருந்துச் சாப்பாடு. அதுக்கடுத்து கிறிஸ்துமஸ் மரம். கடைசியா, செத்துப்போன பாட்டி. பாட்டி மறைஞ்சிடக் கூடாதேன்னு மிச்சக் குச்சி எல்லாத்தையும் மொத்தமா உரசுது. பாட்டி தூக்கிட்டுப் போயிடுறா. காலையில தெருவுல இருக்கிறது உதட்டுல சிரிப்போட விறைச்சுப்போன ஒரு உடம்பு.

டீச்சர் முடிச்சதும் வகுப்பே அமைதி. பின் பெஞ்சுல சிலர் மூக்கை உறிஞ்சுறாங்க. என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு மட்டும் கையைத் தூக்கினா. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்'னுதான் பேரு. லீவு நாள்ல இவளும் கூடப் போயி கட்டை அடுக்குவா. கட்டைன்னா வரி வரியாக் காடி வெட்டின மரச்சட்டங்கள். அந்தக் காடியில ஒவ்வொரு குச்சியாச் செருகி இறுக்கி, அப்புறம் மொத்தமா மருந்துல முக்குவாங்க. அவ கேட்டா: "டீச்சர், அந்தக் குச்சியெல்லாம் அடுக்குனது யாரு டீச்சர்?"

வகுப்பே சிரிச்சிருச்சு. டீச்சரும் சிரிச்சுட்டு, "கதையை மட்டும் கேளும்மா"ன்னு சொன்னாங்க. மணி அடிச்சது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்ல. பல வருஷம் கழிச்சு, இந்தக் கதைகளோட வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது, அன்னைக்கு அந்த அறையில கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்னு.

1845: ஒரே வருஷம், ரெண்டு எழுத்து

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் டென்மார்க் நாட்டுக்காரர். 1845 நவம்பரில் இந்தக் கதையை எழுதினார். ஒரு பஞ்சாங்க வெளியீட்டின் ஆசிரியர் அவருக்குச் சில படங்களை அனுப்பி, ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தரச் சொல்லியிருந்தார். அதில் ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது, கையில் தீக்குச்சிக் கட்டோடு நிற்கும் ஒரு சிறுமியின் படம். ஆண்டர்சனின் அம்மா சின்ன வயசில் பிச்சை எடுக்க அனுப்பப்பட்டவர். ஒருநாள் ஒன்றும் கிடைக்காமல், வீட்டுக்குப் போகப் பயந்து, பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்ததாக மகனிடம் சொல்லியிருக்கிறார். இதை ஆண்டர்சனே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அதனால இந்தக் கதையைச் சும்மா கண்ணீர் வரவழைக்க எழுதினதுன்னு ஒதுக்க முடியாது. இவர் பணக்கார வீட்டு ஜன்னல் வழியா ஏழையைப் பார்த்தவர் இல்ல. செருப்புத் தைக்கிறவரோட மகன். அம்மா ஊரார் துணியைத் துவைச்சுப் பிழைச்சவங்க.

சரி, அதே 1845-ல வியன்னாவுல இன்னொரு எழுத்து வெளிவந்தது. லோரின்சர்னு ஒரு மருத்துவர், தீக்குச்சித் தொழிற்சாலையில வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற ஒரு புது நோயைப் பத்தி மருத்துவ உலகத்துக்கு எழுதினார். அந்தக் காலத்துக் குச்சி எங்க உரசினாலும் பத்தும். காரணம், மருந்துல வெள்ளை பாஸ்பரஸ் இருக்கும். அதோட ஆவியைத் தினமும் சுவாசிச்சவங்களுக்கு முதல்ல பல்வலி வரும். அப்புறம் ஈறு வீங்கும். அப்புறம் தாடை எலும்பே அழுகும். எலும்பை வெட்டி எடுத்தாத்தான் சிலர் பிழைச்சாங்க.

ஒரு தீக்குச்சியைச் சுத்தி ஒரே வருஷத்துல ரெண்டு துயரம் எழுதப்பட்டிருக்கு. குச்சி விக்கிற குழந்தையோட சாவு உலகம் முழுக்கப் போச்சு. குச்சி செய்யறவங்களோட அழுகின தாடை மருத்துவப் பத்திரிகையிலேயே தங்கிடுச்சு. ஆண்டர்சனைக் குறை சொல்லல. ஆனா எந்தச் சாவு கதை ஆகுதுன்னு கவனிக்கணும். பாட்டியோட வெளிச்சத்துல போற சாவு கதை ஆகுது. அழகான சாவு அது. அந்த அழகுல அடிக்கிற அப்பா, பக்கத்துல நடந்து போன ஊர், வாங்காத கைகள் எல்லாமே கரைஞ்சு போயிடுது. கதை முடியும்போது நாம யார் மேலயும் கோபமா இல்ல. அழுதுட்டு எந்திரிச்சுப் போயிடுறோம்.

பழி இடம் மாறிய கதை

ஆண்டர்சனுக்கு முன்னாடி இருந்த கதைகள் இப்படி இல்ல. நாட்டுப்புறத்துல புழங்கின ஐரோப்பியக் கதைகள்ல சாவு ரொம்பப் பச்சையா வரும்.

1697-ல் பிரெஞ்சுக்காரர் பெரோ வெளியிட்ட சிவப்புக் குல்லாய்க் கதையில் ஓநாய் பாட்டியைத் தின்னும், பேத்தியையும் தின்னும். கதை முடிஞ்சது. வயித்தைக் கிழிச்சுக் காப்பாத்துற வேட்டைக்காரர் பெரோகிட்ட கிடையாது. அவரை நாம பார்க்கிறது நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் பதிப்பில்தான்.

கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி வந்தது 1812-ல். கடைசிப் பதிப்பு 1857-ல். இந்த 45 வருஷத்துல கதைகள்ல என்னென்ன மாறுச்சுன்னு ஒப்பிட்டுப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. சாவைக் குறைச்சாங்கன்னு நினைப்போம். ஒரு சிலதை எடுத்தது உண்மைதான். குழந்தைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி, ஒருத்தன் இன்னொருத்தனை நிஜமாவே அறுத்துடுற ஒரு கதை 1812-ல் இருந்தது, 1819-ல் காணோம். ஆனா பெரும்பாலான கதைகள்ல சாவு அப்படியேதான் இருக்கு. மாறினது பழி.

ஹான்சலும் கிரெட்டலும் கதையை எடுத்துக்கோங்க. வீட்டில் சாப்பாடு இல்லை. இரண்டு குழந்தைகளையும் காட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ராத்திரியில் ஒரு பெண் புருஷனிடம் சொல்கிறாள். 1812-ல் அவள் பெற்ற அம்மா. பின்னால் வந்த பதிப்புகளில் மாற்றாந்தாய். ஸ்னோ ஒயிட் கதையிலும் இதே மாற்றம்தான். பெற்ற பிள்ளையைக் கொல்லச் சொல்லும் ராணி, 1819-ல் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள்.

ஒரு சொல்லை மாத்தினா என்ன ஆகும்? எல்லாமே மாறும். பெத்த அம்மாவே பிள்ளையைக் காட்டுல விடுறான்னா, கேட்கிற குழந்தைகூட 'ஏன்?'னு கேட்கும். பதில் சொல்ல நீங்க பசியைப் பத்திப் பேசணும், விளைச்சலைப் பத்திப் பேசணும், தானியம் யார் வீட்டுல இருந்துச்சுன்னு பேசணும். மாற்றாந்தாய்னு போட்டுட்டா கேள்வியே வராது. அவ கெட்டவ, அவ்வளவுதான். பசியோட இடத்துல ஒரு பொம்பளை வந்து நின்னுட்டா. கடைசியில பிள்ளைங்க திரும்பி வரும்போது அவ எப்படியோ செத்தும் போயிருப்பா. காட்டுக்குக் கூடவே நடந்து போன அப்பாவுக்கு மட்டும் ஒரு தண்டனையும் இல்ல.

கிரிம் தொகுப்பில் எனக்குப் பிடிச்ச கதை இன்னொன்னு இருக்கு. சாவு ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பனாக வரும் கதை. ஓர் ஏழைக்குப் பதின்மூன்றாவது பிள்ளை பிறக்குது. ஞானத்தகப்பன் தேடிப் போறான். முதலில் கடவுள் வருகிறார். வேண்டாம் என்கிறான், நீர் பணக்காரனுக்குக் கொடுத்துவிட்டு ஏழையைப் பட்டினி போடுகிறவர் என்று காரணம் சொல்லி. பிசாசு வருது. நீ ஏமாத்துவே, வேண்டாம். அப்புறம் சாவு வருது. நீதான் ஏழை பணக்காரன்னு பார்க்காதவன், நீ வான்னு அவனைச் சேர்த்துக்கிறான். பிள்ளை வளர்ந்து பேர்போன வைத்தியன் ஆகிறான். ஒரு கட்டத்தில் சாவையே ஏமாற்றுகிறான். அப்போ சாவு அவனை ஒரு குகைக்குக் கூட்டிட்டுப் போகுது. உள்ளே ஆயிரக்கணக்கில் மெழுகுவத்திகள். ஒவ்வொன்றும் ஓர் உயிர். பெரிய வத்திகள் குழந்தைகளுடையவை, அரைவத்திகள் நடுவயதுக்காரர்களுடையவை, குட்டையானவை கிழவர்களுடையவை. அங்கேயே ஒரு வரி போகிற போக்கில் வருகிறது: குழந்தைகளிலும் பலருக்குச் சின்ன வத்திதான்.

சாவு எல்லாரையும் சமமா நடத்தும்னு நம்பித்தான் அந்த ஏழை அதைத் தேர்ந்தெடுத்தான். ஆனா யாருக்கு எந்த உயரத்துல வத்தின்னு யார் முடிவு பண்றாங்க? கதை அதைச் சொல்லல. அந்தக் குகையை அப்படியே ஞாபகத்துல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கிணறு

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். சிவகாசியிலிருந்து மேற்கே, மலை அடிவாரத்துல வத்திராயிருப்பு. அதுக்குப் பக்கத்துல அர்ச்சுனாபுரம்னு ஒரு கிராமம். விருதுநகர் மாவட்டம்தான். அங்கே நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கு, கிணறும் இருக்கு.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது எங்க அப்பத்தா. கையில பசை, மடியில தீப்பெட்டி அட்டை. வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுப்பாங்க. கதை சொல்லும்போதும் கை நிக்காது.

கதை இதுதான். நல்லதம்பியும் நல்லதங்காளும் அண்ணன் தங்கை. தங்கையை மானாமதுரையில் காசிராஜனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஏழு பிள்ளைகள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. எல்லாத்தையும் வித்துத் தின்னாச்சு. இனி அண்ணன்தான் கதின்னு ஏழு பிள்ளையையும் கூட்டிக்கிட்டுத் தாய்வீட்டுக்கு நடந்து வர்றா. அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கான். வீட்டில் அண்ணி மூளி அலங்காரி. நாத்தனார் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறாள். பிறகு மக்கிப்போன தானியத்தையும், எரியாத பச்சை விறகையும், ஓட்டைப் பானையையும் எடுத்துக் கொடுத்துக் கஞ்சி காய்ச்சிக்கோ என்கிறாள். நல்லதங்காள் அதிலும் கஞ்சி காய்ச்சுறா. ஆனா அந்த வீட்டுல இனி இருக்க முடியாதுன்னு கிளம்பிடுறா. வழியில ஒரு பாழுங்கிணறு. ஒவ்வொரு பிள்ளையா உள்ளே போடுறா. மூத்தவன் கெஞ்சுறான், ஓடுறான். அவனையும் பிடிச்சுப் போட்டுட்டுத் தானும் குதிச்சுடுறா.

அப்பத்தா இந்த இடத்துல குரலை இறக்க மாட்டாங்க. ஏழு பிள்ளையையும் எண்ணுவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் காதைப் பொத்திக்கிட்டா, "எடு தாயி கைய. எண்ணணும். எண்ணாம விட்டா ஒண்ணு குறைஞ்சு போகும்"னு சொல்வாங்க.

முடிவு ஊருக்கு ஊர் மாறும். அண்ணன் வந்து பார்த்துக் கதறி, பொண்டாட்டியைப் பழிவாங்கிவிட்டுத் தானும் உயிரை விடுவது ஒரு பாடம். சிவனும் பார்வதியும் தோன்றுவது இன்னொரு பாடம். வில்லுப்பாட்டா, கூத்தா, சந்தையில வித்த பெரிய எழுத்துப் புத்தகமா இந்தக் கதை தலைமுறை தலைமுறையா வந்திருக்கு. இன்னைக்கும் ஈவு இரக்கமில்லாத பொம்பளையை எங்க பக்கம் 'மூளி அலங்காரி'ன்னு திட்டுவாங்க.

ஐரோப்பாவோட சேர்த்து வெச்சுப் பாருங்க. பஞ்சம் ரெண்டு பக்கமும் இருக்கு. கதவைச் சாத்தின வீடு ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா இங்கே பிள்ளையைக் கொல்றது பெத்த அம்மா. அதை யாரும் மாற்றாந்தாய்னு திருத்தல. கிரிம் சகோதரர்கள் அச்சில் ஏற்றத் தயங்கிய விஷயத்தை, எங்க அப்பத்தா ஏழு வயசுப் பிள்ளைகிட்ட பெட்டி ஒட்டிக்கிட்டே சொன்னாங்க.

இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரிசு. தீக்குச்சிச் சிறுமி வானத்துக்குப் போயிடுறா. நல்லதங்காள் எங்கேயும் போகல. கிணத்துலயே இருக்கா. அகாலமாச் செத்தவங்க ஊரை விட்டுப் போக மாட்டாங்க, அவங்களுக்கு இடம் கொடுக்கணும், வருஷா வருஷம் அவங்க கதையை அவங்க முன்னாடியே பாடணும். தென்மாவட்டங்கள்ல நிறையத் தெய்வங்கள் இப்படி வந்தவங்கதான். வில்லுப்பாட்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ணின ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விளக்குகிறார். கயிலாயத்தில் பிறந்து வரும் தெய்வங்களின் கதை ஒரு வகை. மனுஷராகப் பிறந்து, அநியாயமாகச் செத்து, தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில், சாவைப் பாடும் கட்டம் வரும்போதுதான் சாமி இறங்கும்.

ஐரோப்பாவுல இதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது கிரிம் தொகுப்பில் உள்ள ஜூனிப்பர் மரத்துக் கதை. கொல்லப்பட்ட பையன் பறவையா மாறி, யார் கொன்னாங்க, யார் தின்னாங்கன்னு ஊர் முழுக்கப் பாடிக்கிட்டே போவான். செத்த பிள்ளையே சாட்சி சொல்ற கதை அது.

இங்கே நம்ம கதையையும் விட்டுடக் கூடாது. மூளி அலங்காரியும் ஒரு மாற்றாந்தாய் மாதிரிதான். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்துக்கு மொத்தப் பழியும் ஒரு அண்ணி தலையில. நாட்டை ஆண்ட ராஜா, அந்தப் பிள்ளைகளோட அப்பா, அவர் என்ன பண்ணிட்டிருந்தார்? அண்ணன்காரன் ஊரே வாடும்போது எதுக்கு வேட்டைக்குப் போனான்? கதை கேட்கல. ஒரு நாள் நான் கேட்டதுக்கு அப்பத்தா, "ராசாவைக் கேக்க முடியுமாத்தா? கதவைச் சாத்துனவளைத்தான் கேக்க முடியும்"னாங்க. அது சிரிப்பா சொன்னதா, வருத்தமா சொன்னதான்னு இன்னைக்கும் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு.

பெசன்ட் நகர் பீச்சும் தீப்பெட்டியும்

இப்போ அந்தப் பொண்ணோட கேள்விக்குத் திரும்பலாம். குச்சியை அடுக்கினது யாரு?

1888-ல் லண்டனில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருத்தரை உங்களுக்குத் தெரியும். சென்னைக்காரங்க வாரக்கடைசியில போய் உட்கார்ற பெசன்ட் நகருக்கு எந்த அம்மா பேர் வெச்சிருக்கோ, அதே அன்னி பெசன்ட். பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைச் சந்தித்து, அவர்கள் கூலியையும் அபராதங்களையும் பற்றி அந்த ஜூன் மாதம் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த மாதம் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், சிறுமிகள். அபராதங்கள் நின்றன. ஜெயிச்சாங்க. ஆனா வெள்ளை பாஸ்பரஸ் உடனே போகல. அதை நிறுத்த இன்னும் பல வருஷம் ஆச்சு. ஆண்டர்சனின் டென்மார்க் அதை 1874-லேயே தடை செய்துவிட்டது. இந்தியாவில் தடைச் சட்டம் 1913-ல் வந்தது.

அதனால சிவகாசியில் தீப்பெட்டி ஆரம்பிச்சப்ப அந்தத் தாடை நோய் கூட வரல. 1922-ல் பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. மழை பொய்க்கிற பூமி. விவசாயத்தை நம்ப முடியாது. ஆனா வறண்ட காத்து தீப்பெட்டிக்கும், பின்னாடி 1940-கள்ல வளர்ந்த பட்டாசுக்கும் தோதா இருந்துச்சு. நல்லதங்காளைத் துரத்தின அதே வறட்சிதான் இந்தத் தொழிலைக் கொண்டு வந்துச்சு. இதை நான் குறையாச் சொல்லல. எங்க வீட்டு அடுப்பு அதுலதான் எரிஞ்சது. பஞ்சத்துக்கு ஊர் கண்டுபிடிச்ச பதில் அது.

அந்தப் பதிலுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. குச்சி அடுக்கச் சின்ன விரல் வேகமா ஓடும். விடியறதுக்கு முன்னாடியே ஆபீஸ் வண்டி கிராமம் கிராமமா வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகும். இதைப் பத்தி 1980-கள்ல கட்டுரைகள் வந்தன. 1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்னைக்கு எங்க பக்கத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க. என் பக்கத்துல உட்கார்ந்தவளும் படிச்சு வேலைக்குப் போயிட்டா. இது சாதாரண விஷயம் இல்ல. கேள்வி கேட்டதாலதான் இது மாறுச்சு.

'உராய்வு' என்ற வில்லன்

ஆனா வெடிக்கிறது நிக்கல. 1991 ஜூலையில் சிவகாசிப் பக்கம் நடந்த வெடிவிபத்தில் 39 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை எடுத்து விசாரித்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு, காப்பாத்தலாம்னு ஓடி வந்த ஊர்க்காரங்க. அடுத்தடுத்த வெடிப்புல அவங்களும் போயிட்டாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20 பேருக்கு மேல். ஆட்களில் பெரும்பாலோர் சுத்துக் கிராமங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அம்மாக்கள், கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளே ஆனவங்க, ஃபீஸ் கட்டக் காசு சேர்க்க வந்தவங்க.

ஒவ்வொரு தடவையும் செய்தியை வாசிச்சுப் பாருங்க. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடிவிபத்து ஏற்பட்டது. அந்த வாக்கியத்துல யாருமே இல்ல. உராய்வு இருக்கு, மருந்து இருக்கு, விபத்து இருக்கு. ஆள் இல்ல.

உராய்வு பொய் இல்ல. வெயில் நாள்ல அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்தைத் தேய்ச்சாலோ, இழுத்தாலோ, கீழே போட்டாலோ பத்தும். அது வேதியியல். ஆனா அந்தச் சின்ன அறையில அனுமதிச்சதுக்கு மேல எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க? லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்க, அறையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தினது யாரு? இடம் பத்தாம மரத்தடியில உட்கார வெச்சது யாரு? தீபாவளி ஆர்டரை முடிக்கணும்னு அவசரப்படுத்தினது யாரு? விபத்துக்கு அப்புறம் நடக்கிற விசாரணைகள்ல இந்தக் காரணங்கள் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா நம்ம ஞாபகத்துல நிக்கிற கதையில வில்லன் பேர் உராய்வு மட்டும்தான்.

கிரிம் பதிப்பில் பசியோட இடத்துல மாற்றாந்தாய் வந்து நின்ன மாதிரி, இங்கே ஒரு முழு ஏற்பாட்டோட இடத்துல ஒரு பௌதிகச் சொல் வந்து நிக்குது. மாற்றாந்தாயையாவது கேள்வி கேட்கலாம். உராய்வை என்ன கேட்கிறது?

அந்த மெழுகுவத்திக் குகை ஞாபகம் இருக்கா? சாவு எல்லாரையும் சமமா நடத்தும்னு நம்பின அந்த ஏழையை அச்சங்குளத்துக்குக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு தோணும். சின்ன வத்தி யாருக்கு வெச்சிருக்குன்னு இங்கே தெளிவாத் தெரியும். மருந்து அறையில உட்கார்ந்தவங்களுக்கு. அந்த உயரத்தை வெச்சது விதி இல்ல. ஒரு பெட்டிக்கு எவ்வளவு கொடுப்போம்னு நாம போடுற கணக்குக்கும் அதுல பங்கு இருக்கு.

கதைகள் சாவை மறைக்கணுமா, காட்டணுமான்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. என்னைக் கேட்டா, காட்டலாம். குழந்தைங்க தாங்குவாங்க. நான் ஏழு பிள்ளையை எண்ணி வளர்ந்தவதான். ஆனா சாவைக் காட்டுற கதை, கதவைச் சாத்தினது யாருன்னும் காட்டணும். பாட்டி வந்து தூக்கிட்டுப் போனான்னு முடிச்சா நமக்கு நிம்மதி. உராய்வுன்னு முடிச்சாலும் நமக்கு நிம்மதிதான்.

அச்சங்குளம் வெடிப்பு நடந்த வாரம் நான் ஊர்ல இருந்தேன். சாயங்காலம் டீவில பேர்ப் பட்டியல் ஓடிட்டிருந்துச்சு. அப்பத்தா அப்போ இல்ல, போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆச்சு. ஆனா எங்க அம்மா, கையில இருந்த வேலையை விட்டுட்டு, திரையில வர்ற ஒவ்வொரு பேரையும் வாய்விட்டு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. இடையில விளம்பரம் வந்துச்சு. எண்ணிக்கை விட்டுப்போச்சு. பட்டியல் திரும்ப வர்ற வரைக்கும் காத்திருந்து, முதல்லேருந்து எண்ண ஆரம்பிச்சாங்க.

அடுத்த எபிசோடுல சந்திக்கலாம். உங்க வீட்டுல யாராவது நல்லதங்காள் கதையை வேற மாதிரிச் சொல்லியிருந்தா, எழுதி அனுப்புங்க. எத்தனை பிள்ளைங்க, எந்தக் கிணறு, யார் கதவைச் சாத்தினாங்கன்னு மறக்காம எழுதுங்க.